புதிய முகாமையாளரும் முதல் அறிமுகமும்

(சங்க மண்டபத்தில் வாலிபர் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் எனக்குக் கொடுத்த பொருள், உத்தியோகத்தில் ஒரு புதிய முகாமையாளரிடம் முதற் சந்திப்பிலே நல்லெண்ணத்தைப் பெறுவது எங்ஙனம் என்பது. இதனை நண்பர் இருவரிடம் கூறினேன். ஒருவர், "இதற்கு ஒரு பேச்சு வேண்டுமா? சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு வெள்ளனப் போய், சேர் என்று கும்பிட்டால் முடிந்தது" என்றார். மற்றவர், "இது பந்தம் பிடிக்கும் வித்தையல்லவா? இதைப் போய் ஓர் இந்து வாலிபர் சங்கத்திலே பேசுவதா?" என்று முகத்தைச் சுளித்தார். முதலாமவர் இதனை மிகச் சிறிய காரியமாக எண்ணிவிட்டார். இரண்டாமவர் இழிந்த காரியமாக எண்ணிவிட்டார். இருவர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆயினும் இன்னும் ஓரிரு ஆண்டிலே நம்மிற் பலர் ஏதேனும் ஒரு கந்தோரின் வாசற்படியிலே, கையிற் கடிதத்தோடு நிற்கப் போகிறோம். அந்த வாசற்படியைப் பற்றி முன்கூட்டியே சிறிது யோசிப்பதில் தவறில்லை.

நான் உத்தியோகம் பார்த்துப் பழுத்தவன் அல்லன். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின்படி ஆறு மாதம் ஒரு கந்தோரிலே பயிற்சி பெற்றவன், அவ்வளவே. ஆனால் அந்த ஆறு மாதத்திற்குள்ளே அங்கே ஒரு முகாமையாளர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தார். ஆகையால், பத்து வருடம் ஓரிடத்திலே இருந்தவர் காணக்கூடியதைச் சுருக்கமாகக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

புதிய முகாமையாளர் நமக்கு இரண்டு வகையில் நேர்கிறார். நாம் புதியவராய் அவரிடம் போவது ஒன்று. நாம் பழையவராய் இருக்கும் இடத்துக்கு அவர் புதியவராய் வருவது மற்றொன்று. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தகப்பனாரும் தமையனாரும் ஆயிரம் புத்தி சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டாவதற்கு ஒருவரும் புத்தி சொல்வதில்லை. என் அபிப்பிராயத்தில் அதிக ஆபத்துள்ளது இரண்டாவதுதான். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஆளைப் பழகித்தான் அறியவேண்டும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். மனித மனமோ அவ்வளவு பொறுமை உடையதன்று. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர்களான வில்லிஸ், தொடரோவ் என்னும் இருவர், முன்பின் அறியாத முகங்களின் படங்களை ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரம் மாத்திரம் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று வினவினார்கள். கண்ணிமைக்கும் அந்த நேரத்திற் கொண்ட எண்ணமும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் நிதானமாகப் பார்த்தோர் கொண்ட எண்ணமும் பெரிதும் ஒத்திருந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தன என்றுதான் அவ்வாராய்ச்சி சொல்கிறது. சரியாய் இருந்தன என்று சொல்லவில்லை.

இதற்கு மிக முற்பட்டது 1946 இல் சொலமன் ஆஷ் என்பவர் செய்த பரிசோதனை. ஒரு மனிதனைப் பற்றி ஆறு சொற்களை அவர் வாசித்தார்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரன், குறை காண்பவன், பிடிவாதக்காரன், பொறாமைக்காரன். வேறொரு கூட்டத்தினருக்கு அதே ஆறு சொற்களைத் தலைகீழாக, பொறாமையில் தொடங்கிப் புத்தியில் முடியும்படி வாசித்தார். சொற்கள் ஒன்றே, வரிசை மாத்திரம் வேறு. முதற் கூட்டத்தினருக்கு அவன் சில குறைகள் உள்ள ஒரு திறமைசாலியாகத் தோன்றினான். மற்றக் கூட்டத்தினருக்கோ அவனுடைய குறைகள் அவனுடைய திறமையையே மூடிவிட்டன. முதலிலே விழும் சொல், பின்னால் வரும் சொற்களுக்கெல்லாம் சாயம் பூசிவிடுகிறது.

மூன்றாவது, மேலதிகாரிகளையே நேரே தொடுவது. 1920 இல் தோண்டைக் என்பவர், இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளோரை மதிப்பிட்ட பத்திரங்களை ஆராய்ந்தார். தேகக்கட்டு, புத்தி, தலைமைக்குணம், நடத்தை என்பவற்றுக்குத் தனித்தனியே மதிப்பு இடவேண்டும் என்பது விதி. ஆனால் ஒன்றிலே உயர்வாக மதிக்கப்பட்டவன் எல்லாவற்றிலும் உயர்வாகவே மதிக்கப்பட்டிருந்தான். நிமிர்ந்து நிற்பவன் புத்திசாலியுமானான்! நம் வீட்டுச் சுவாமி படங்களிலே தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்திருப்பார்களே, அதன் பெயரையே இந்தத் தவறுக்கும் இட்டிருக்கிறார்கள். சுவாமிக்கு ஒளிவட்டம் பொருந்தும். கந்தோரிலே ஒருவன் தலைக்கு அது வந்துவிட்டால், பக்கத்துக் கதிரையில் இருப்பவனுடைய தலை இருட்டிலே போய்விடுகிறது.

ஆகவே முதல் எண்ணம் என்பது சிறிய காரியமன்று. என் முதல் நண்பருக்கு இது போதிய விடை. இரண்டாமவருக்குரிய விடை சற்று நீளமானது.

நான் கற்றது கிறிஸ்தவ மிஷனரிமார் தாபித்த ஒரு கல்லூரியில். காலைப் பிரார்த்தனையிலே பலமுறை கேட்ட ஒரு கதையை இவ்விடத்திற் சொன்னால் பெரியோர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். யோசேப்பு என்னும் எபிரேய வாலிபன் செய்யாத குற்றத்துக்காக எகிப்திலே சிறையிலிருந்தான். உடனிருந்த பானபாத்திரக்காரனுடைய கனவுக்குப் பொருள் சொல்லி, நீ விடுதலையானதும் என்னை அரசனிடம் நினைப்பூட்டு என்று கேட்டான். அவன் விடுதலையாகி மறந்தே போனான். இரண்டு வருடம் கழிந்தது. அரசனாகிய பார்வோன் கனவு கண்டு கலங்கியபொழுதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. சிறையிலிருந்து அவசரமாக அழைத்தார்கள். யோசேப்பு என்ன செய்தான்? சவரம் செய்து, வேறு உடை உடுத்துக்கொண்டு போனான். அரசன் அழைக்கிறான் என்று சிறைக் கந்தையோடே ஓடவுமில்லை. இருந்த துயரத்தை உடையாலே காட்டி இரக்கம் தேடவுமில்லை.

நீ கனவுக்குப் பொருள் சொல்வாயாமே என்று பார்வோன் கேட்டபோது, அது என்னால் அன்று, தெய்வத்தாலே ஆவது என்றான். கனவின் பொருளைச் சொன்னான்: ஏழு வருட விளைவு, ஏழு வருடப் பஞ்சம். அத்தோடு நிற்கவில்லை. விளைவுக் காலத்திலே ஐந்திலொரு பங்கைச் சேமிக்க வேண்டும், அதற்கு விவேகமுள்ள ஒருவரை நியமிக்க வேண்டும் என்று செய்யவேண்டியதையும் சொன்னான். நான் சிறுவனாயிருந்தபோது இக்கதையில் எனக்குப் பிடித்தது கனவு. இப்பொழுது பிடிப்பது, அவன் சொல்லாமல் விட்டது. பொய்க் குற்றஞ்சாட்டிய எசமானியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு வருடம் மறந்திருந்த பானபாத்திரக்காரன் அந்த அரண்மனையிலேயே இருக்கிறான். அவனைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நம்மில் ஒருவன் அங்கே நின்றிருந்தால், கனவுக்கு முன்னே தன் வழக்கைத்தான் விரித்திருப்பான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. கம்பர் பாடிய கிட்கிந்தா காண்டத்திலே அனுமன் இராமலக்குமணரை முதன்முதல் எதிர்கொள்வதைப் படித்திருப்பீர்கள். சுக்கிரீவன் அஞ்சி ஒளிகிறான். அனுமன் மாணவ வேடம் கொண்டு வருகிறான். வந்ததும் வாயைத் திறக்கவில்லை. மறைவிலே நின்று, இவர்கள் யார், எத்தகையோர் என்று நெடுநேரம் பார்க்கிறான். பின்பு எதிரே வந்து, வரவு நல்வரவாகுக என்ற கருத்திலே வாழ்த்துகிறான். நீ யார் என்ற வினாவுக்கு, தான் யாருக்கு மகன், தன் பெயர் யாது, யாருக்கு ஏவல் செய்பவன், எதற்கு வந்தான் என்பவற்றை மாத்திரம் சொல்லி நிறுத்துகிறான். அவன் மலையைப் பெயர்ப்பவன், கடலைத் தாண்டப் போகிறவன். அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. அந்தச் சில சொற்களைக் கேட்ட அளவிலே இராமன் தம்பியிடம் இவனைப் புகழ்கிறான். இன்றைய உத்தியோக விண்ணப்பங்களிலே நாலு பக்கத்துக்குத் தன் பெருமையை அச்சடித்துக் கொடுப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிப்பது நன்று.

வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். எழுபதாம் அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுதல். பரீட்சைக்காகப் படித்தவர்கள் தீக்காய்பவன் உவமையோடு அதனை மறந்துவிடுகிறோம்: மிக அகலவும் ஆகாது, மிக அணுகவும் ஆகாது. ஆனால் அவ்வதிகாரத்தின் மற்றச் செய்திகள் இன்றைய கந்தோருக்கென்றே எழுதினாற்போல் இருக்கின்றன. அரசன் முன்னிலையிலே இன்னொருவனுடைய காதிலே குசுகுசுக்காதே, பிறரோடு சேர்ந்து சிரிக்காதே என்கிறார். அவன் ஏதோ இரகசியம் பேசினால் ஒட்டுக்கேளாதே, துருவித் துருவி வினாவாதே, அவனாகச் சொன்னாற் கேள் என்கிறார். இக்காலத்துக்கு இன்னொன்று சேர்க்கலாம்: முகாமையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியைப் பார்ப்பது, காதிலே குசுகுசுப்பதிலும் மோசமானது. எதிரே இருப்பவருக்கு நம் கண் எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும்.

இனி நான் பயின்ற கந்தோரிலே நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

பழைய முகாமையாளர் போய், வேறு மாவட்டத்திலிருந்து புதியவர் வந்தார். அவரை மூன்று பேர் மூன்று விதமாக எதிர்கொண்டார்கள். ஒருவர் வாசலிலே மாலையோடு நின்றார். மத்தியானச் சாப்பாடு தம் வீட்டிலிருந்தே வரும் என்றார். "சேர், உங்கள் பெருமையை அங்குள்ளவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்" என்றும் சொன்னார். புதியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், இவரைப் பற்றி மேலே சொல்வதற்கு ஒன்றுமில்லை. இவர் எவருக்கும் கெடுதி செய்தவரும் அல்லர்.

இரண்டாமவர் அன்று பகல் முழுவதும் தம் கதிரையிலே அடக்கமாக இருந்தார். மாலை எல்லாரும் போனபின் முகாமையாளரின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். முக்கால் மணி நேரம். நான் கடைசிக் கோவையை அலுமாரியில் வைத்துவிட்டுப் போகும் வரையிலும் கதவு திறக்கவில்லை.

மூன்றாமவர் ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த ஒரு மூத்த லிகிதர். முதல் நாள் வணக்கம் சொன்னதோடு சரி. மறுநாட் காலையில் ஒற்றைக் கடதாசி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தம் கைப்பட எழுதியது. பதினொரு விடயங்கள் இருந்தன. இந்தக் கிழமைக்குள் பதில் போகவேண்டிய கடிதங்கள் எவை, எந்த வாடிக்கையாளரின் உறுதி நம் பெட்டகத்திலே திருப்பிக் கொடுக்கப்படாமல் இருக்கிறது, எந்த இயந்திரம் பழுது, எந்த வேலையை யார் நன்றாக அறிவார் என்பன. யார் எதை அறியார் என்பது அதில் இல்லை. முகாமையாளர் அதை வாங்கி மேசைக் கண்ணாடியின் கீழே வைத்தார். நான் பயிற்சி முடிந்து விடைபெற்ற நாளிலும் அது அங்கேயே இருந்தது.

அக்கந்தோரிலே ஒரு பெண் லிகிதர் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் ஒன்பதே காலுக்குத்தான் வருவார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரக நோய். அந்த இரு நாளும் காலையிலே தாயாரை இரத்தச் சுத்திகரிப்புக்காக ஆஸ்பத்திரியிற் சேர்த்துவிட்டு வரவேண்டும். பழைய முகாமையாளர் அதற்கு எழுத்திலே அனுமதி கொடுத்திருந்தார். அந்நாட்களில் அவர் மாலையிலே அவ்வளவு நேரம் கூடுதலாக இருந்து வேலை செய்வார். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கதவைச் சாத்திப் பேசியவருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னது, இங்கே சிலர் நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள், பழையவர் கண்டும் காணாமல் விட்டார் என்பது. இதிலே ஒரு சொல்லும் முழுப்பொய் அன்று என்பதைக் கவனியுங்கள்.

வெள்ளிக்கிழமை புதியவர் வாசலிலே நின்றார். அந்தப் பெண் கைவிரல் பதியும் இயந்திரத்தண்டை வந்ததும், வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, "இது கந்தோரா, சந்தையா?" என்று கேட்டார். அவர் ஒன்றும் பேசாமல் தம் கதிரையிற் போய் இருந்தார். கை நடுங்கியதை நான் கண்டேன். சிறிது நேரத்துக்குப் பின் மூத்த லிகிதர் அந்த அனுமதிக் கடிதம் இருந்த கோவையை எடுத்துப் போய் முகாமையாளரின் மேசையிலே வைத்து, "சேர், இதையும் ஒருக்காப் பார்த்தால் நல்லது" என்று மாத்திரம் சொல்லித் திரும்பினார். யார் கோள் சொன்னார் என்று அவர் வாயிலே வரவில்லை.

புதிய முகாமையாளர் நல்ல மனிதர். அன்று மத்தியானமே அந்தப் பெண்ணை அழைத்து வருத்தம் தெரிவித்தார். அனுமதியும் தொடர்ந்தது. பிறகு அந்த இரண்டாமவர் அறைக்குள் போனால் கதவு திறந்தே இருந்ததையும் நாங்கள் கண்டோம். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை இங்கே சொல்லியிருக்க மாட்டேன். அதற்குப் பின்பும் ஏதேனும் ஒரு வேலை பிந்திவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம், அவருடைய கண் முதலிலே அந்தப் பெண்ணின் கதிரைப் பக்கந்தான் போகும். அவர் அறிந்து செய்ததன்று. உண்மை தெரிந்துவிட்டது, வருத்தமும் தெரிவித்தாகிவிட்டது. ஆயினும் முதற் சொல் பூசிய சாயம் போகவில்லை. ஆஷ் என்பவருடைய பரிசோதனையைப் புத்தகத்திலே படித்தபோது எனக்கு அது வெறும் பாடம். அந்தக் கதிரைப் பக்கம் திரும்பிய கண்ணைக் கண்ட பிறகே அது எனக்கு விளங்கிற்று.

புதிய முகாமையாளர் நம்மிடம் வரும்போதுதான் ஆபத்து அதிகம் என்று நான் சொன்னது இதனால்தான். அவருக்கு ஒருவரையும் தெரியாது. முதலிலே போய்ச் சொல்பவன் எழுதாத கடதாசியிலே எழுதுகிறான். தன் பெயரை நல்ல மையினால் எழுதிக்கொள்ள ஆசைப்படுவது இயற்கை. அதற்காக அயலான் பெயரின் மேல் மையைக் கொட்டுவதே பாவம். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், கோள் சொன்னவருக்கும் முதலில் ஒரு நல்லெண்ணம் கிடைக்கத்தான் செய்தது. முதற் கிழமை முழுவதும் அவரே வலது கையாக இருந்தார். இந்த வித்தை பலிக்காது என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல விரும்பவில்லை.

அப்படியானால் அநியாயத்தைக் கண்டும் வாய்பொத்தி இருப்பதா என்று ஒருவர் கேட்கலாம். பணம் களவு போகிறது, பெண்பிள்ளைக்குத் தொல்லை நடக்கிறது என்றால் பேசத்தான் வேண்டும். முதல் நாளாயினும் பேசவேண்டும். ஆனால் அது கதவைச் சாத்திப் பேசுவதன்று. திகதி இட்டு, எழுதி, கீழே தன் பெயரை வைத்துக் கொடுப்பது. கையொப்பம் வைக்க மனம் துணியாத செய்தியை வாயினாலும் சொல்லலாகாது என்பது அந்த மூத்த லிகிதர் எனக்குத் தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்ன அளவுகோல்.

இந்தச் சங்கத்திலே இளைஞர் பலர் என்னிடம் தனியே கேட்கும் ஒரு கேள்வி உண்டு. நெற்றியிலே திருநீறோடு முதல் நாள் போகலாமா, புதிய இடத்திலே என்ன நினைப்பார்களோ என்று. கொழும்பிலே தனியார் கந்தோருக்குப் போகிறவர்களே அதிகம் கேட்கிறார்கள். இதற்கு ஆறுமுக நாவலர் பெருமானைக் காட்டிலும் சிறந்த சாட்சி யார்? 1822 இல் நல்லூரிலே பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, வாலிபப் பருவத்திலேயே பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவி செய்யும் உத்தியோகம் பெற்றார். மேலதிகாரி ஒரு பாதிரியார். வேலையோ பாதிரியாரின் வேதத்தை மொழிபெயர்ப்பது. அந்த வேலையை மேலதிகாரி மெச்சும்படி செய்தார். தாம் சைவராகவே இருந்தார். 1848 இல் அந்த உத்தியோகத்தை விட்டு நீங்கி, அதே ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பாதிரியாரிடம் அவருக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தது அவருடைய தமிழும் உழைப்புமே. ஆதலால் வீட்டிலே நாள்தோறும் பூசுகிறவன் அங்கேயும் பூசிக்கொண்டே போகட்டும். வீட்டிலே பூசாதவன் மேலதிகாரி இந்து என்று அறிந்து அன்று மாத்திரம் மூன்று பட்டையாய்த் தீட்டிக்கொண்டு போவதுதான் வெட்கக்கேடு. அதையும் நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நம் ஊர்களிலே புதிய முகாமையாளர் நம்மிடம் கேட்கும் முதற் கேள்வி அநேகமாக, "தம்பி எவ்விடம்?" என்பது. ஊரைச் சொன்னால், ஊரிலே எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று கேள்வி ஒழுங்கையாலே போகும். எதற்காகக் கேட்கிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தோண்டைக் கண்ட ஒளிவட்டத்தையும் அதன் இருட்டையும் நாம் பிறப்பிலேயே ஒட்டிவைத்திருக்கிறோம். இதற்குக் கோபத்தோடு விடை சொல்வதிற் பயனில்லை. ஊரின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, "என்னை எந்தப் பிரிவிலே வேலை செய்ய விடப் போகிறீர்கள், சேர்?" என்று பேச்சை வேலைக்குத் திருப்புவது போதும். ஆனால் நாளைக்கு முகாமையாளராய் வரப்போகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். கதிரையின் மறுபக்கத்திலே இருக்கும்போது நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

மேலதிகாரி நம்மிலும் வயதிற் குறைந்தவராக வந்தால் என்ன செய்வது என்பதும் இக்காலத்திலே பெரிய சங்கடம். சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1875 இல் போட்டிப் பரீட்சையின் வழியாகச் சிவில் சேவையிற் புகுந்தவர். 1887 இல், தம்மிலும் மூத்த உத்தியோகத்தர் பலர் இருக்க, பதிவாளர் நாயகப் பதவிக்கு நியமிக்கப்பட்டார். வயது முப்பத்துநான்கு. மூத்தோர் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, இன்றும் ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்க்கும் அறிக்கையை எழுதியவர் அவரே. வள்ளுவர் நான் முன் சொன்ன அதிகாரத்திலேயே, இளையவர், இன்ன முறையில் உறவினர் என்று எண்ணி இகழாதே என்று சொல்லிவைத்திருக்கிறார். பெண்மணி ஒருவர் முகாமையாளராய் வந்தால் இருமடங்கு சங்கடப்படும் சகோதரர்களுக்கும் அதுவே விடை. "மிஸ்" என்று அழைக்கும் குரலிலே நம் உள்ளம் வெளியாகிவிடும். நாம் மறைத்ததாக நினைப்போம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. சட்டம் இவ்வாறிருக்க, நம்மிற் பலர் தமிழ் அறியாத ஒரு மேலதிகாரி முன்னே தான் முதலில் நிற்கப் போகிறோம். அவருடைய மொழியிலே நாலு சொல் கற்றுப்போய் வணக்கம் சொல்வதால் நம் தமிழ் தேய்ந்துவிடாது. அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொள்வதும் நன்று. நம் பெயரைப் பிறர் சிதைக்கும்போது நமக்கு எப்படி இருக்கிறது? ஆனால் விளங்காததற்குத் தலையசைக்க வேண்டாம். முதல் நாளிலே "ஓம் சேர், ஓம் சேர்" என்று அசைத்த தலையினால் பிழையான கோவை பிழையான இடத்துக்குப் போய்விடும். விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்பவனை எந்த நல்ல முகாமையாளரும் குறைவாக எண்ணுவதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினால் இன்னும் நல்லது.

சிபார்சுக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் போய்விட்டது. பெரிய மனிதர் ஒருவருடைய கடிதத்தை முதல் நாளிலே மேசையில் வைப்பவன், தன்னை அறிமுகஞ் செய்யவில்லை, அந்தப் பெரிய மனிதரையே அறிமுகஞ் செய்கிறான் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை நம் சங்கத்து அன்பர் இருவர் கடமையேற்கப் போகிறார்கள் என்று செயலாளர் சொன்னார். அவர்களுக்காகச் சில சில்லறைக் காரியங்கள். நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ்களின் மூலப்பிரதி, வங்கிக் கணக்கிலக்கம் இவற்றை ஒரே உறையில் இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதியும் வேண்டும். அங்கே போய் இயந்திரம் எங்கே என்று தேடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அந்தக் கந்தோர் வரைக்கும் போய் வழியைப் பார்த்து வாருங்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இரண்டாவது பஸ்ஸிலே இடம் இருக்காது. சட்டைப்பையிலே ஒரு சிறிய கொப்பியும் பேனையும் இருக்கட்டும். அன்று சந்திப்போர் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். முகாமையாளரின் பெயரோடு நின்றுவிடாமல், வாசற் காவலாளியின் பெயரையும், தேத்தண்ணீர் கொண்டுவருபவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலையிலே அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து வணக்கம் சொல்லுங்கள்.

இருவருக்கும் சங்கத்தின் சார்பில் என் வாழ்த்து.